கேமராவுக்கு இடது பக்கம்

கல்யாண வீடியோவில் யாரும் பேசுவதில்லை. அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். மாப்பிள்ளை வாயைத் திறந்து என்னவோ சொல்வார், பெண் சிரிப்பாள், ஒரு சித்தப்பா கையை ஆட்டி ஆட்டிச் சமையல்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார். நமக்குக் கேட்பதெல்லாம் சினிமாப் பாட்டுதான். மண்டபத்து வாசலில் மைக்செட், உள்ளே மேளம், பின்பக்கம் ஜெனரேட்டர் என்று மூன்றும் ஒன்றாக ஓடும்போது கேமராவின் மைக்கில் பதிவாவது வெறும் இரைச்சல். அதை யார் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள்? அதனால் கேமராவின் மெமரி கார்டிலிருந்து படங்களைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கும்போதே ஒலியை விட்டுவிட்டு இறக்குவது எங்கள் பக்கத்து எடிட்டர்களின் பழக்கம். ஆடியோ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதிலுள்ள டிக்கை ஒருமுறை எடுத்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு வருகிற கல்யாணமெல்லாம் ஊமைக் கல்யாணம்தான். டிஸ்க்கிலும் இடம் மிச்சமாகும்.

எனக்குச் சமயநல்லூரில், மெயின் ரோட்டில், ஒரு செல்போன் கடைக்கு மேலே அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்; உள்ளே எப்போதும் விளக்கு வைக்கிற நேரம் போலத்தான் இருக்கும். படியேறி வருகிறவர்கள் முதலில் என்னைப் பார்த்துவிட்டு, "எடிட்டர் இல்லைங்களா?" என்று கேட்பார்கள். நான்தான் எடிட்டர் என்று சொன்ன பிறகும் என் தோளுக்குப் பின்னால் ஒரு ஆண்பிள்ளையைத் தேடுவார்கள். முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது, "அவர் செத்துப் போயிட்டாருங்க, நான்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிடுகிறேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நான் மண்டபங்களுக்குப் போவதில்லை. கார்டு வரும், இறக்குவேன், வெட்டுவேன், ஒட்டுவேன். அப்படியே இந்த வட்டாரத்தில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். யாருக்கு எந்தப் பக்கம் பல் எடுப்பு, யார் சாப்பிடும்போது எப்படி வாயைத் திறப்பார்கள், தாலி கட்டுகிற நேரத்தில் எந்த மாமா எந்த மாமாவைப் பார்த்து முறைத்தார், எல்லாம் தெரியும். வாடிப்பட்டி பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காரும் பெண்ணின் வளைகாப்பை நான் மாதக்கணக்கில் பார்த்திருப்பேன். அவளுக்கு நான் யாரோ.

இறந்தவர்களை இறக்குவதும் என் வேலையில் சேர்ந்ததுதான். கல்யாணமோ காதுகுத்தோ, எந்த வீட்டு விசேஷமானாலும் போய்ச் சேர்ந்த தாத்தா, அப்பா, அண்ணன் போட்டோக்களை வாட்சப்பில் அனுப்பிவிடுவார்கள். அவர்களை வெட்டி எடுத்து, மேகத்துக்கு மேலே நிறுத்தி, அங்கிருந்து பூத் தூவி ஆசீர்வாதம் செய்வதுபோல் வைக்க வேண்டும். இதற்கென்றே என் கம்ப்யூட்டரில் ‘சாமி’ என்று ஒரு ஃபோல்டர். ரேஷன் கார்டு போட்டோவில் முறைத்துக்கொண்டிருக்கும் ஆளைக்கூட நான் ஆசீர்வதிக்க வைத்திருக்கிறேன். பயமெல்லாம் இல்லை. வேலைக்கு வந்த போட்டோ, அவ்வளவுதான் என்றுதான் இருந்தேன், லைட் பிடிக்கிறவன் சாகிற வரைக்கும்.

கேமராமேனுக்கு இடது பக்கம் ஒரு கம்பில் எல்.ஈ.டி. விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பாரே, பார்த்திருப்பீர்கள். இல்லை, பார்த்திருக்க மாட்டீர்கள். விளக்கில் கண் கூசும், பின்னால் நிற்கிற ஆள் தெரியாது. நான் வேலை செய்த கேமராமேனுக்கு லைட் பிடித்தவன் வாடிப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர்க்காரன். என்னைவிடச் சின்னவன். விசேஷம் முடிந்த மறுநாள் காலையில் கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து கொடுப்பவனும் அவன்தான். "அக்கா, நேத்துக் கல்யாணத்துல ஒரு கூத்து" என்று பாதிப் படியிலேயே ஆரம்பித்துவிடுவான். வேலையைக் கெடுக்காதே என்று விரட்டுவேன். சிரித்துக்கொண்டே பாதிக் கதையை மிச்சம் வைத்துவிட்டுப் போவான்.

ஒருநாள் கார்டைக் கேமராமேனே கொண்டுவந்தான். வந்தவன் கார்டை மேசைமேல் வைத்துவிட்டு உட்காராமல் நின்றான். அவனியாபுரத்தில் கல்யாணத்தை முடித்துவிட்டு லைட் பிடிக்கிறவன் வீட்டுக்குப் போயிருக்கிறான். நாலுவழிச்சாலையில், வாடிப்பட்டிக்குத் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், பின்னால் வந்த வண்டி தட்டிவிட்டதாம். "அடக்கம் முடிஞ்சிருச்சுக்கா. உங்களுக்குச் சொல்லணும்னுகூடத் தோணல," என்றான். அடுத்த முகூர்த்தத்துக்குக் கார்டு வேண்டும் என்றும் அவனே சொன்னான். இறக்கினேன். அவன் கார்டை வாங்கிக்கொண்டு போனான்.

நல்லவன், போய்விட்டான், மனசு கஷ்டமாக இருந்தது, நாலு நாளில் தெளிந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும். ஆனால் என் தொழிலில் யாரும் உடனே போய்விடுவதில்லை. பாட்டைத் தேர்ந்தெடுத்துச் சொல்லவும், செத்துப்போனவர் போட்டோவைத் தேடி அனுப்பவும் நம் ஆட்கள் எடுத்துக்கொள்கிற நேரம் உங்களுக்கே தெரியும். கல்யாணப் பெண் மாசமாக இருக்கும்போது கல்யாண வீடியோவுக்குப் பாட்டு அனுப்புவார்கள். அதனால் அவன் உயிரோடு இருந்தபோது எடுத்த விசேஷங்கள் எல்லாம் அவன் போன பிறகுதான் ஒவ்வொன்றாக என் திரைக்கு வந்தன. ஆள் இல்லை, அவன் பிடித்த வெளிச்சம் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

முதலில் நிழலைத்தான் பார்த்தேன். சீர்வரிசைத் தட்டுகளைக் காட்டிக்கொண்டே போகிற ஒரு படம். விளக்கைக் கை மாற்றினான் போலிருக்கிறது, சுவரில் ஒரு தலையும் தோளும் ஏறி, நின்று, இறங்கியது. அதை எத்தனையோ தடவை பார்த்திருப்பேன். நிழல் விழுந்தால் வெட்டிவிடுவேன், அவ்வளவுதான். அன்றைக்கு வெட்டக் கை வரவில்லை.

அப்புறம் கண்கள். படத்தில் இருக்கிற யாரும் என்னைப் பார்ப்பதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். கேமராவைப் பார்த்தால் பார்க்கிறவரைப் பார்த்ததுபோல இருக்க வேண்டும் இல்லையா? இவர்கள் எல்லாரும் எனக்குச் சற்று இடது பக்கம், என் காதுக்குப் பின்னால் இருக்கிற ஒரு இடத்தைப் பார்த்தார்கள். வேறு வேறு ஊர், வேறு வேறு வீடு, எல்லாருடைய பார்வையும் அதே இடத்துக்குத்தான் வந்தது. ஒரு காதுகுத்தில் வீரிட்டு அழுகிற குழந்தை சட்டென்று நிறுத்திவிட்டு, அந்த இடத்தை அண்ணாந்து பார்த்தது. கண்ணீர் கன்னத்திலேயே இருக்க, வாய் மட்டும் மெதுவாகத் திறந்தது. இன்னொரு கல்யாணத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த மாமன்மார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வலது பக்கம் திரும்பினார்கள். அங்கே ஒன்றும் இல்லை. உடனே எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பி, என் காதுக்குப் பின்னால் பார்த்து, தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். ஒரு சத்தம் கிடையாது.

நான் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பட்டப்பகலில், கீழே செல்போன் கடையில் ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, என் நாற்காலிக்குப் பின்னால் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டர்தான் இருந்தது. அன்று முதல் ஜன்னல் துணியைப் பாதி விலக்கிவைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். திரையில் நிறமே சரியாகத் தெரியாது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அப்படி இருந்த ஒரு மத்தியானத்தில்தான் அவன் மனைவி படியேறி வந்தாள். நான் அதற்குமுன் அவளைப் பார்த்ததில்லை. மெலிந்த உடம்பு, நெற்றி வெறுமையாக இருந்தது, கையில் ஒரு துணிக்கடைப் பை. வாசலிலேயே நின்று, "எடிட்டர் அக்காவா?" என்று கேட்டாள். முதல் பார்வையிலேயே என்னை எடிட்டர் என்று ஒத்துக்கொண்ட ஆள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவள் ஆறுதலை எதிர்பார்த்து வந்ததாகத் தெரியவில்லை.

"அக்கா, அவுக குரல் உங்ககிட்ட இருக்கும்ல?"

எனக்குப் புரியவில்லை.

"போட்டோ இருக்கு. எங்க கல்யாணப் போட்டோ, லைசன்சுல உள்ளது, எல்லாம் இருக்கு. குரல்தான் இல்ல. ஒரே வீட்டுல இருக்கவகளுக்குள்ள யாரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவா? அவுக போனு அன்னிக்கே நொறுங்கிப் போச்சு. மொதல்ல காதுலயே இருந்துச்சுக்கா. இப்பக் கொஞ்சம் கொஞ்சமா மறக்குது. கூப்புடுறது எப்படின்னு நெனச்சுப் பாக்குறேன், வர மாட்டேங்குது." கிளாஸைக் கீழே வைத்தாள். "கனவுல வாராக. எதுத்தாப்புல நின்னு பேசுறாக. வாய் அசையுது. சத்தம் இல்ல. என்னமோ சொல்றாக, எனக்குக் கேக்கல. ‘கேக்கலங்க, கேக்கலங்க’ன்னு கத்துறேன். சொல்லிக்கிட்டே இருக்காக."

வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அந்த ஆடியோக் கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டால் எப்படி வருமோ அப்படித்தான் அவள் கனவிலும் வந்துகொண்டிருந்தான்.

"கோடாங்கிகிட்டப் போயிக் குறி கேளுன்னு எங்க மாமியா சொல்றாக. எனக்கு அதுல நம்பிக்கை இல்லக்கா. இம்புட்டுக் கல்யாணத்துக்கு லைட்டுப் பிடிச்சாக. வாயும் சும்மா இருக்காது. ஏதாவது ஒரு வீடியோவுல பதிவாகியிருக்கும்ல? ஒரு வார்த்தை போதும். எம் பேரு இல்லாட்டியும் பரவால்ல."

அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். ஒலியை இறக்குவதில்லை, கார்டுகளை அழித்து அழித்துத்தான் அடுத்த விசேஷத்துக்கு எடுத்துப் போவார்கள், எதுவும் மிச்சமில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேமராமேனுக்கும் போன் போட்டேன். "ஒண்ணும் இருக்காதுக்கா, இருந்தா நானே கேட்டுக்கிட்டு இருப்பேன்ல," என்றான். அவள் அழவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் இல்லாட்டி என்னக்கா. அவுக நின்ன இடத்தையாச்சும் பாத்துட்டுப் போறேன்."

ஒரு கல்யாணத்தைத் திறந்தேன். மேடையில் பெண் நின்றிருந்தாள். கண்ணுக்குள் சதுரமாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. "அது அவுக விளக்குதானே? பெரிசாக்குங்க," என்றாள். பெரிதாக்கினேன். கண்ணின் கறுப்பு திரை முழுக்க விரிந்தது. நடுவில் வெள்ளைச் சதுரம், அதற்குப் பின்னால் கறுப்பில் இன்னும் கறுப்பாக ஏதோ ஒரு உருவம். தோளாக இருக்கலாம். தூணாகவும் இருக்கலாம். அவள் விரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டாள். ஜன்னல் துணியை மூடிவிடச் சொன்னாள், இன்னும் நன்றாகத் தெரியும் என்று. மூடினேன். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் மூடினேன்.

அடுத்த படத்தில் மாப்பிள்ளை இஞ்சி தின்றவர் மாதிரி உம்மென்று நின்றுகொண்டிருந்தார். அவள் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். உதடு துடித்தது.

"என்ன மாப்ள, பல்லை வீட்டுல வச்சுப் பூட்டிட்டு வந்துட்டீகளா?"

திரையில் மாப்பிள்ளை சிரித்துவிட்டார்.

அவள் அதைச் சொல்லி முடித்ததும், மிகச் சரியாக அந்த இடத்தில், என் காதுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு அவர் சிரித்தார்.

"தெனம் ராத்திரி வந்து எங்கிட்டச் சொல்லுவாக. இன்னிக்கு மாப்ளையைச் சிரிக்க வைக்க என்ன சொன்னேன் தெரியுமான்னு நடிச்சே காட்டுவாக. எல்லாம் எனக்கு மனப்பாடம்," என்றாள்.

மாமன்மார் படத்தைப் போட்டேன். அவளைச் சோதித்துப் பார்த்தேனா, எனக்கே தெளிவு வேண்டியிருந்ததா, தெரியவில்லை. வரிசையாக எல்லாரும் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒரு கணம் பார்த்தாள். "மாமா, அங்கிட்டுப் பந்தி முடிஞ்சிருச்சாம்." அத்தனை தலைகளும் வலது பக்கம் திரும்பின. "நீங்க சிரிச்சாத்தான் மறுபந்தி போடுவாகளாம்." தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். காதுகுத்துக் குழந்தையைப் போட்டேன். அவள் மூக்கால் ஒரு பூனைக்குட்டிச் சத்தம் எழுப்பினாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்தது. அவள் மறுபடி எழுப்பினாள். குழந்தையின் வாய் மெல்லத் திறந்தது.

படம் படமாகப் போய்க்கொண்டே இருந்தோம். எனக்கு நிறுத்தத் தோன்றியது, நிறுத்த முடியவில்லை. பேசப் பேச அவள் குரல் கீழே இறங்கிவந்தது. வார்த்தையின் கடைசியை லேசாக இழுத்துவிட ஆரம்பித்தாள். "தாயி, கொஞ்சம் நிமுந்து பாரூ... ஆங், அம்புட்டுத்தேன்." பக்கத்தில் இருப்பது அவள்தான் என்று எனக்குத் தெரியும், ஓரக்கண்ணில் அவள் சேலை தெரிகிறது. ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும். பாதிப் படியில் நின்று கதை சொல்ல ஆரம்பிக்கிற குரல். திரையில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தக் குரலுக்குத்தான் நிமிர்ந்தார்கள், சிரித்தார்கள், வெட்கப்பட்டார்கள். நான் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பயம், வேறு ஒன்றுமில்லை.

படம் முடிந்ததும் அவள் கேட்டாள், "குரல் கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சும்மா. அவனேதான்."

"எனக்குக் கேக்கலயே." பழையபடி அவள் குரலே. "நான் பேசுறது மட்டுந்தேன் கேக்குது."

அதை அவள் சொன்ன விதத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. திரையில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது, எனக்கும் கேட்டுவிட்டது, கேட்க வந்தவளுக்கு மட்டும் இல்லை. கோபமும் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. மவுஸை எடுத்து, மிச்சமிருக்கிறதை எல்லாம் காட்டிவிடலாம் என்று அந்த அவனியாபுரத்துக் கல்யாணத்தைத் திறந்தேன். கடைசிக் கல்யாணம் என்று சொல்லித்தான் திறந்தேன். அவள் தலையாட்டினாள்.

அதில் எல்லாவற்றையும் பார்த்தோம். சரியாக வந்தவை முடிந்து, வேஸ்ட் என்று ஒதுக்கிவைத்த படங்களுக்கு வந்தோம். ஆட்டம், இருட்டு, கவனக்குறைவாக ஓடவிட்ட கேமரா, இப்படிப்பட்டவை. அதில் ஒன்று, பெண்ணின் முகம் மட்டும். அழுதுகொண்டிருந்தாள். தாலி கட்டி முடிந்த பிறகு அழுகிற அழுகை, மூக்கெல்லாம் சிவந்திருந்தது. சட்டென்று முகத்தின்மேல் இருந்த வெளிச்சம் குறைந்தது. விளக்கைத் தாழ்த்திவிட்டான். அதனால்தான் அதை வேஸ்ட்டில் போட்டிருந்தேன். மங்கலில் அந்தப் பெண் கேமராவுக்கு இடது பக்கம் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். யாரோ நிதானமாக ஏதோ சொல்வதைக் கேட்கிற முகம். நடுவில் கண்ணைத் துடைத்தாள், லேசாகச் சிரித்தாள், மறுபடி அழுதாள், தலையை ஆட்டினாள்.

நான் பக்கத்திலிருந்து குரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"இது எனக்குத் தெரியாது," என்றாள். "இதை வந்து எங்கிட்டச் சொல்லலயே."

அதைச் சொல்லத்தான் அவன் வீடு வந்து சேரவில்லையே. இரண்டு பேருக்கும் அது தோன்றியது. அவள் மறுபடி போடச் சொன்னாள். மறுபடி போட்டேன். மூன்றாம் முறை போடும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கனவுல இப்படித்தான் நிக்கிறாக. லைட்டைக் கீழே இறக்கிப் பிடிச்சுக்கிட்டு. இதைத்தான் சொல்றாக போல. இந்தப் பொண்ணு எந்த ஊரு?"

அந்தப் பெண்ணின் நம்பர் என்னிடம் இருந்தது. பாட்டுக் கேட்டு நானே எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். அவனியாபுரத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரனும் குக்கர் விசிலும் கேட்டன. "அக்கா, வீடியோ முடிஞ்சிருச்சா? பாட்டு இன்னும் அவரு சொல்லவே மாட்டேங்குறாருக்கா," என்று பொரிய ஆரம்பித்தாள். அதற்கில்லை என்று சொல்லி, மேடையில் அவள் அழுதபோது லைட் பிடித்தவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். விசித்திரமான கேள்விதான். ஆனால் அந்தப் பக்கம் யோசிக்கக்கூட இல்லை.

"ஆமாக்கா! அந்த அண்ணே. கேமரா அண்ணே ‘மேக்கப் கலையுது, அழுகாதம்மா’ன்னு சத்தம் போட்டாரு. லைட்டு அண்ணேதான் லைட்டை இறக்கிட்டு, ‘அழுகணும்னா அழுதுக்க தாயி’ன்னாரு. அவரு வீட்டுக்காரம்மாவும் இப்படித்தான் அழுதாகளாம். மறுவீடு முடிஞ்சு அம்மா வீட்டுலருந்து வண்டியில கூட்டிட்டு வாராராம். பின்னாடி உக்காந்து சத்தமே வராம அழுதுக்கிட்டு வந்தாகளாம். இவரு திரும்பிப் பாக்கலயாம். திரும்புனா அழுகையை முழுங்கிரும், அது தொண்டையிலயே நிக்கும்னு, நேரா வீட்டுக்குப் போகாம சோழவந்தான் சுத்திப் போனாராம். அழுது முடிக்கிற வரைக்கும் பாட்டுப் பாடிக்கிட்டே வண்டி ஓட்டுனாராம். ‘இன்னிய வரைக்கும் எனக்குத் தெரியாதுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கு, நானும் சொல்லல’ன்னு சிரிச்சாரு. அதைக் கேட்டுத்தான் எனக்கு மனசு அடங்குச்சு." மூச்சு வாங்கிவிட்டு, "அந்த அண்ணே நல்லா இருக்காராக்கா?" என்று கேட்டாள்.

நான் பக்கத்தில் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். "இருக்காரும்மா. அப்புறம் கூப்பிடுறேன்," என்று வைத்துவிட்டேன்.

திரையில் அந்தப் பெண்ணின் மங்கலான முகம் அப்படியே நின்றிருந்தது.

"சோழவந்தான் வழியா ஏன் போறீகன்னு நான் கேட்டேன்க்கா," என்றாள் ரொம்ப நேரம் கழித்து. "ரோட்டுல வேலை நடக்குதுன்னாக. வண்டிச் சத்தத்துல கேக்காதுன்னுதான் அழுதேன். தெரிஞ்சிருக்கு. இத்தனை வருசமா தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்காக." கன்னத்தைக் கையால் தொட்டாள். "அன்னிக்கு முதுகுல சாஞ்சுக்கிட்டு வந்தேன். என்ன பாட்டுன்னு காதுல விழுகல, காத்து அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. முதுகுக்குள்ள ‘ம்ம்ம்’னு ஓடுச்சு பாருங்க, அது கன்னத்துல கேட்டுச்சு."

சொல்லிவிட்டுக் குனிந்தாள். கம்ப்யூட்டர் ஓடுகிற மேசைமேல், கீபோர்டுக்குப் பக்கத்தில், பக்கவாட்டில் கன்னத்தை வைத்தாள். அசையாமல் இருந்தாள். மயக்கமோ என்று பயந்து தோளைத் தொடப் போனேன். கையைத் தூக்கி என்னைத் தடுத்தாள்.

"இருங்கக்கா. பேசுறாக."

நானும் குனிந்து அந்த மேசையின் மறுபக்கம் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். மரம் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது, எந்த மெஷின் ஓடினாலும் அப்படித்தான் அதிரும். எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. எதிரே, ஒரு சாண் தூரத்தில், அவள் கண்ணை மூடிக்கொண்டு ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தாள்.